நான் நேராக்கிய சுரம்

என்னோடு சேர்ந்து வாசித்தவரின் பிடிலை அவருக்குத் தெரியாமல் திருத்தினேன். அவர் கேட்டபோது பொய் சொன்னேன். திருத்தாத பதிவை அழித்தும் விட்டேன். மூன்றையும் தெரிந்தேதான் செய்தேன்.

பாலிடெக்னிக்கில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மத்திகிரியில் என் வீட்டு மாடிக்கு அவர் குடும்பத்தோடு வாடகைக்கு வந்தார். சாமல்பட்டிக்காரர். கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். கொட்டாங்கச்சியில் தோல் கட்டி ஒற்றைத் தந்தி இழுத்த பிடில் ஒன்றை அப்பாவிடமிருந்து கொண்டுவந்திருந்தார். என்னிடம் கீபோர்டு இருந்தது, கணினி இருந்தது, நேரமும் இருந்தது. அவருடைய ஊர்ப்பாட்டுகளுக்கு நான் டிரம்ஸும் பேஸும் சேர்த்தேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனிகளில் எங்களைக் கூப்பிடத் தொடங்கினார்கள். கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும்கூட எழுந்து ஆடினார்கள்.

ஒரு பாட்டில் மட்டும் சிக்கல். பொங்கலுக்குக் கூட்டிப்போக அண்ணன் வருவான் என்று, கட்டிக்கொடுத்த பெண் வழி பார்த்து நிற்கும் பாட்டு. அவன் வரப்போவதில்லை என்று அவளுக்குப் புரியும் இடத்தில், அவர் விரல் என் கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ நிற்கும்.

"கொஞ்சம் மேல ஏத்துங்க தம்பி, சுருதி சேரல."

"ஏத்துனா அண்ணன் வந்துருவான் சார்" என்று சிரித்தார். "எங்கப்பா அங்கதான் நிறுத்துவாரு."

சூளகிரியில் ஒரு விழா முடிந்ததும் மைக்செட்காரர் என் காதருகே குனிந்தார். "நீங்க கரெக்டா வாசிக்கிறீங்க சார். அந்தத் தேங்கா மூடிதான் காலை வாருது." எனக்கு அவமானமாக இருந்தது. பாட்டே அவருடையது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பிறகு பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்தோம். அவர் ஷிஃப்டுக்குப் போன ஒரு பகலில் அந்தப் பதிவைத் திறந்தேன். அவர் வாசிப்பு திரையில் வளைந்து வளைந்து போகும் கோடாகத் தெரிந்தது. ஒவ்வொரு வளைவையும் பிடித்து நேராக்கினேன். அதில் எனக்குச் சந்தோஷம் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். பழையதை வைத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று அழித்தேன்.

கேட்டுவிட்டு அவர், "நான் வாசிச்ச மாதிரியே இல்லியே சார்" என்றார்.

"மைக்குல அப்படித்தான் கேக்கும்" என்றேன்.

படித்தவன் சொன்னதை நம்பினார். அதையே ரிங்டோனாகவும் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு பிரஸ் மெஷினில் அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் போயின. தந்தியை அழுத்திய விரல்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தினமும் அந்தப் பாட்டின் பதிவைப் போட்டுக் கேட்டார். அந்தப் பாட்டை அவர் வாசித்ததற்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதிலும் அவர் இல்லை. கீழே உட்கார்ந்திருந்த எனக்கும் அது தினமும் கேட்டது.

விழாக்களில் வீடியோ எடுத்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டேன். யாரிடமும் இல்லை. செத்துக் கிடந்த என் பழைய போனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினேன். நான்காவது கடையில் உயிர் வந்தது. எப்போதோ அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று அதில் இருந்தது. குக்கர் விசிலுக்கு நடுவே அதே பாட்டு, அந்த இடமும் சேர்த்து.

மாடியேறிப் போய்ப் போட்டுக் காட்டினேன்.

"யாரு சார் இது? புதுசா கத்துக்கறவரா?"

"நீங்கதான் தம்பி" என்றேன். செய்த எல்லாவற்றையும் சொன்னேன்.

இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "உடுங்க. போன் மைக்குல அப்படித்தான் சார் கேக்கும்."

என் பொய்யை என்னிடமே திருப்பித் தந்தாரா, இன்னமும் அதை நம்பினாரா, தெரியவில்லை. அந்த இடத்தை ஒரு தரம் பாடிக்காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். பாடினார். நான் நேராக்கிய சுரத்தில்தான் குரல் போய் நின்றது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி பாடினார். மறுபடியும் அங்கேயே. மூன்றாம் தரம் பாதியில் நிறுத்தினார்.

"அண்ணன் வந்துட்டான் சார்" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் போன் வெறும் மணியாகத்தான் அடிக்கிறது.