நூலக அறையில் ஒரு முக்கியமான வேலை

ஆசிரியர் பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் ஒரகடத்தில் ஆறு வருஷம் வயரிங் லைனில் நின்றவள் நான். காருக்குள் ஓடும் வயர்களைப் பலகையில் பரப்பி, டேப் சுற்றி, கனெக்டர் மாட்டி அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். சேர்ந்த புதிதில் என் கை மெதுவாகத்தான் ஓடும். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து லைனைச் சோதிக்க ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றதும் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஸ்டோர்ல ஒரு முக்கியமான வேலை கீது. உன்னாலதான் முடியும், போ" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளை மடித்து அடுக்கினேன். மறுநாள் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஆடிட்னா ஸ்லோவா இருக்கிறவங்கள லைன்லேர்ந்து எடுத்துடுவாங்கடி. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

வேலையை விட்டுவிட்டு ஏன் பி.எட். சேர்ந்தாய் என்று எங்கள் ஊர் மண்ணூரில் கேட்டவர்களுக்கெல்லாம் வாய்க்கு வந்த காரணத்தைச் சொன்னேன். உண்மையான காரணம் அந்த அட்டைப்பெட்டிகள்தான். யாரையும் ஓரம் கட்டாத ஒரு வேலை வேண்டும் என்று நினைத்தேன்.

நான் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் சட்டம், ஆசிரியர் பயிற்சி, நுண்கலை மூன்றும் அடுத்தடுத்த கட்டடங்களில் நடந்தன. சட்டம் படிப்பவர்கள் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, இல்லாத வாதிக்காகவும் இல்லாத பிரதிவாதிக்காகவும் தொண்டை வறள வாதாடிப் பழகுவார்கள். நுண்கலை மாணவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து வரைவார்கள். சரியாக வராவிட்டால் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுப்பார்கள். நாங்கள் மட்டும்தான் உயிருள்ள பிள்ளைகளை வைத்துப் பழகினோம். கிழித்துப் போட எங்களுக்குத் தாள் கிடையாது. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பயிற்சிக்கு என்னை வல்லக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் போட்டார்கள். ஆறாம் வகுப்பு, தமிழ்ப் பாடம், முப்பத்தொரு பிள்ளைகள். அதில் ஒரு பெண்ணின் அப்பா அம்மா ஒடிசாக்காரர்கள். அப்பா இரும்பு உருக்கி வார்க்கும் ஆலையில், அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில். பேச்சை வைத்து அவளை வெளியூர் என்று யாரும் சொல்ல முடியாது. "இன்னா டீச்சர், இன்னிக்கு லேட்டு?" என்று வாசலிலேயே என்னைக் கணக்குக் கேட்பாள். ஆனால் எழுத்து அவளுக்குத் தட்டித் தடவித்தான் வரும். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்து மூடிவிடுவார்கள். அப்படியிருந்தும், வாய்விட்டுப் படிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டால் முதலில் எழும் கை அவளுடையதுதான்.

ஒருநாள் பள்ளி விட்ட பிறகு என் பின்னாலேயே வந்தாள்.

"டீச்சர், அரைப்பரீட்சைக்குள்ள ஒழுங்கா படிக்கத் தெரியலன்னா எங்கப்பா என்னை ஊருக்கு அனுப்பிச்சிடுவாராம். அங்க பெரியப்பா வூட்ல இருக்கணும். எனக்கு அங்க யாரையும் தெரியாது டீச்சர். நான் இங்கதான் பொறந்தேன்."

"அதெல்லாம் சும்மா சொல்வாங்க. நான் இருக்கேன்ல" என்றேன்.

சொன்னதோடு நிற்கவும் இல்லை. மூன்று வாரம், தினமும் அரை மணி நேரம் அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எழுத்துகள் மெல்ல மெல்லச் சொல்லாகச் சேரத் தொடங்கின. இன்னும் இரண்டு மாதம் கொடுத்தால் தேறிவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குள் என் செய்முறைத் தேர்வு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். நாற்பது நிமிடத்தையும் துண்டு துண்டாகப் பிரித்துக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். மூன்று பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்க ஐந்து நிமிடம். இவள் கை தூக்கி எழுந்தால் அந்த ஐந்து நிமிடமும் ஒரு பத்திக்கே போய்விடும். கை தூக்கியவளைக் கூப்பிடாமல் விட்டால் அதற்கும் மதிப்பெண் குறையும்.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு லைப்ரரி ரூம்ல ஒரு முக்கியமான வேலை இருக்கு. புக்கெல்லாம் கலைஞ்சு கெடக்கு, அடுக்கணும். உன்னாலதான் முடியும்."

அவள் முகம் மலர்ந்தது. "நான் மட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "சீக்கிரம் முடிச்சிட்டு வந்து படிக்கட்டா?" என்றாள்.

"பாக்கலாம்" என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை அந்தச் சூப்பர்வைசர் சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. ஆறு வருஷத்தில் கை வேகம் மட்டும்தான் கற்றுக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் வகுப்பு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பாதியில் வராண்டாவில் ஒருவர் வந்து நின்றார். கம்பெனிச் சட்டை, தோளில் பை, சிவந்த கண்கள். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த ஆள் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியை வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. முப்பது பேர்தானே இருந்தாங்க?"

"ஒரு பொண்ணு லைப்ரரில வேலையா இருக்கா மேடம்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இல்லை. ஏதோ குறித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வெளியே வந்தபோது வராண்டாவில் நின்றவர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், நம்ம பொண்ணு எங்க? இன்னிக்கு பெரிய மேடம் வருது, நான் படிக்கும், நீ வந்து கேளுன்னு சொல்லுச்சு. நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்துட்டேன்."

அவரை நூலக அறைக்கு அழைத்துப் போனேன். புத்தகங்கள் உயரவாரியாக, விளிம்பு பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. அவள் தரையில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள்.

"முடிச்சிட்டேன் டீச்சர். இப்ப வந்து படிக்கட்டா?"

பேராசிரியை காருக்கு நடந்துகொண்டிருந்தார். நான் வாசல்வரை போய் வழியனுப்ப வேண்டும். "அப்புறம்" என்றேன்.

அவள் அடுக்கி வைத்திருந்த புத்தகங்களை அப்பா பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்க கம்பெனிலயும் ஆடிட் அன்னிக்கு இப்படித்தான் டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரமே மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்துவிட்டார். தலைமை ஆசிரியை அறையில் வைத்து, "ரெண்டு மாசம் பொறுங்கண்ணா, நல்லா முன்னேறிட்டா" என்றேன்.

"நீங்க நல்ல டீச்சர். நீங்களே பெரிய மேடம் முன்னால நிக்க வைக்கலன்னா, அதுக்குப் படிப்பு வராது."

அவளுக்குப் படிப்பு வரும், எனக்குத்தான் மதிப்பெண் பயம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலைமை ஆசிரியை எதிரில் இருந்தார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய என் பயிற்சிப் பதிவேடு மேசைமேல் கிடந்தது. பிறகு வந்த மதிப்பெண் எங்கள் குழுவிலேயே அதிகம். அதை வீட்டில் யாரிடமும் நான் கொண்டாடிச் சொல்லவில்லை.

அந்தப் பள்ளியில் எழுத்தர் கிடையாது. சான்றிதழைக் கணினியில் ஏற்றி அச்செடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நீங்கியதற்கான காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று அடித்தேன். அது பொய் என்று தெரிந்தேதான் அடித்தேன்.

அவள் அப்பாவுக்குத் தமிழ் படிக்க வராது. தாளைக் கூட வந்திருந்த மகளிடம் நீட்டி, "என்ன எழுதிருக்கு, படி" என்றார். அவள் அதை மேசைமேல் விரித்து, விரல் வைத்துத் தொடங்கினாள். பள்ளியின் பெயர், அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, சேர்த்து, திரும்ப ஒருமுறை முழுதாகச் சொன்னாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. தலைமை ஆசிரியைகூடப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அப்பா தாளைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு பிழை இல்லை.

"பெற்... றோர்... விருப்... பம். பெற்றோர் விருப்பம்" என்று முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரியா படிச்சேனா டீச்சர்?"

"சரியா படிச்ச" என்றேன்.

அப்பா அவள் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவளை ஊருக்கு அனுப்ப ரயிலுக்கு டிக்கெட் எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது.