சந்தனாவின் பழைய மாத்திரை

முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்திய தர்மசந்திரனுக்கு, அளந்து பார்க்காத எதன்மீதும் நம்பிக்கை கிடையாது. பொழுது சாய்ந்தபின் சமண வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது என்பதை மட்டும் அவர் அளந்து பார்த்ததில்லை. ஓய்வுபெற்று, கீழ்பென்னாத்தூர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தபின், அவருக்கும் மனைவி சந்தனாவுக்கும் ஒரே வருடத்தில் ரத்தக் கொதிப்பு வந்தது. மாத்திரையும் ஒன்றே: அட்டெனலால்.

அவருக்கு அதில் கைகால் சில்லிட்டது. டாக்டர் மணிமொழி நெபிவலால் என்ற புது மாத்திரைக்கு மாற்றினார்.

“பிரஷர் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறையும் சார். பழசு இதயத் துடிப்ப அடக்கும். புதுசு ரத்தக் குழாயையும் கொஞ்சம் தளர்த்தி விடும். எதையும் திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்க.”

கடைசி வாக்கியத்தைத் தர்மசந்திரன் வீட்டில் சொல்ல மறந்தார். அதற்கு முந்தைய வாக்கியத்தைத் தினமும் சொன்னார்.

“உன் குழாயெல்லாம் விறைச்சுக்கினு போவுது சந்தனா. மாத்திக்கோ.”

“எனக்குத்தான் கைகால் நல்லாகீதே. இன்னா கொற?”

“கொற தெரியறப்ப நேரம் இருக்காது.”

“அப்ப தெரியாமலே இருந்துட்டுப் போறேன்.”

அவர் பிரஷர் மிஷின் வாங்கினார். காலையில் இருவருக்கும் அளந்து நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினார். ஒரு வருடமாக இரண்டும் சமமாகவே வந்ததில் அவருக்குப் பெரிய ஏமாற்றம். மனைவி நலமாயிருப்பதில் வருந்தினார் என்றால் அநியாயம். அவள் தன்னைவிட நெடுநாள் இருக்கவேண்டும் என்றுதான் இத்தனை தர்க்கமும்.

சமணர்களின் தசலட்சண நோன்புப் பத்து நாள் வந்தது. கடைசி மூன்று நாளும் சந்தனா முழு உபவாசம். பகலில் ஒருமுறை காய்ச்சி ஆறிய நீர் மட்டும். இரண்டாம் நாள் மிஷின் நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. மூன்றாம் நாள் நூற்றுத் தொண்ணூறு.

“பாத்தியா? பழசு கைவிட்டுடுச்சு.”

“தல வலிக்குதுங்க. பெருமைய அப்புறம் பட்டுக்கலாம்.”

“உபவாசம் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போறோம். மாட்டேன்னு சொல்லாத.”

“செரி.”

அவள் ஒத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் எண்ணுக்கு அடியில் சிவப்பு மையால் கோடிழுத்தார். மாத்திரையை விழுங்கினாளா என்று கேட்கவில்லை. உபவாசம் இருப்பவளிடம் வாயில் என்ன போட்டாய் என்று கேட்பது அவர்கள் குடும்பத்தில் அவமரியாதை.

அன்று மாலை பூஜையிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள். மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை அடைத்திருந்தார்கள். ஆட்டோ சந்து சந்தாகச் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

“மாத்திரைய நிறுத்தினாங்களா?” என்று மணிமொழி கேட்டார். தர்மசந்திரன் வீட்டுக்கு வந்து, சந்தனாவின் கிழமை எழுதிய மாத்திரை டப்பாவைத் திறந்தார். உபவாசமிருந்த மூன்று கிழமைகளின் அறைகளும் நிரம்பியே இருந்தன. டப்பாவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்க் காட்டினார்.

“பழசையே விடாம போட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதுன்னு நெனக்கிறேன் சார்,” என்றார் டாக்டர் மெதுவாக.

இருபது நாள் கழித்து, பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சில்லாமல் சந்தனா வீடு திரும்பினாள். டாக்டர் இந்தத் தடவை எழுதித் தந்தது நெபிவலால். தர்மசந்திரன் தினமும் அதைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து ஊட்டுகிறார். அவள் மறுப்பதில்லை. ஊட்டி முடித்தபின்னும் ஸ்பூனைக் கீழே வைக்காமல், அவள் ஏதாவது எதிர்த்துச் சொல்வாள் என்று சற்றுநேரம் உட்கார்ந்திருக்கிறார்.