ஆறு வேலி அமெரிக்கா

மன்னார்குடி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. போன வாரம் பட்டா நகல் எடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண். அவள் நீட்டிய கட்டின் முதல் தாளில் ‘அமெரிக்க வரலாற்றின் முக்கியத் திருப்புமுனைகள்’ என்று இருந்தது. தாள்கள் வெதுவெதுப்பாக வந்து விழுந்தன. வாசனையே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் காலத்து நோட்ஸுக்கு வாசனை உண்டு. மெழுகுத்தாளில் டைப் அடித்து, பிழை விழுந்த இடத்தில் நகப்பூச்சு வாடையடிக்கும் சிவப்பு மருந்தைத் தடவி, காய்ந்ததும் மேலேயே திருத்தி, சைக்ளோஸ்டைல் உருளையில் மாட்டிச் சுற்ற வேண்டும். அந்த மை சட்டையில் ஏறினால் மூன்று சலவைக்கும் போகாது. இருபத்துமூன்று வயதில் அந்த வாசனையோடுதான் திரிந்தேன். டுடோரியல் ஒன்றில் தற்காலிக வேலை, பி.ஏ.வில் தவறியவர்களுக்கு அமெரிக்க வரலாறு. நான் பார்த்திருந்த ஒரே துறைமுகம் நாகப்பட்டினம். அதை வைத்துக்கொண்டு, தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசிய கதையைக் கூடநின்று வீசியவன்போல நடத்துவேன். அமெரிக்காவோடு எனக்கிருந்த ஒரே நேரடி உறவு, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பால்மாவு. மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

திருப்புமுனைகள் ஐந்து. மூன்றாவதில் நான் மாட்டிக்கொண்டேன். உள்நாட்டுப் போர் முடிகிற சமயம், விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக்கொடுக்கச் சொல்லி ஒரு படைத்தளபதி உத்தரவு போட்டார். ஜனாதிபதியைச் சுட்டுக்கொன்றார்கள். அடுத்து வந்தவர் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளிடமே திருப்பிவிட்டார். ஏக்கர் என்று எழுதினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உறைக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிசிறில்லாமல் ஆறு வேலி. ‘ஆறு வேலி கொடுத்தார்கள், பிறகு பிடுங்கிக்கொண்டார்கள்’ என்று மெழுகுத்தாளில் ஏற்றினேன்.

என்ன காலத்தில் ஏற்றினேன் என்று சொல்ல வேண்டும். அறுபத்தேழில் புது ஆட்சி வந்து, குத்தகை சாகுபடி செய்கிறவர்கள் தாலுகா ஆபீசில் பெயர் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அதனால் மிராசுதாரர்கள் பலர், ‘குத்தகையாவது ஒன்றாவது, எல்லோரும் என் கூலியாள்கள்’ என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். வரப்பில் செங்கொடி, சாலையில் போலீஸ் வேன். அறுப்புக் காலம் என்றாலே ஊர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டன.

தை பிறப்பதற்கு முன் ஒரு மத்தியானம், என்னிடம் படித்த வீரையன் தன் அக்காவைக் கூட்டிவந்தான். அஞ்சலை. புருஷன் செத்து ஒரு வருஷம். அவன் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்திருந்த ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, அவள்தான் பயிரிட்டுவந்தாள். மிராசுதாரரின் காரியஸ்தர் கைநாட்டு வைக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார்: நான் கூலியாள்தான், பதிலுக்குக் குடியிருக்க மனைக்கட்டு போதும். வைக்கலாமா, கூடாதா? வீட்டில் தம்பி என் நோட்ஸை உரக்கப் படித்ததைக் கேட்டுவிட்டு, ஏழு மைல் நடந்து வந்திருந்தாள்.

“அவங்க கையில காயிதம் இருந்துச்சா சார்?”

சிலருக்கு இருந்தது என்றேன்.

“காயிதம் இருந்துமா போச்சு.” கையிலிருந்த தாளைப் புரட்டினாள். “அறுப்புக்கு முன்னாடி பறிச்சானுவளா, பின்னாடியா?”

எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காத கேள்வி. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல இருபத்துமூன்று வயதில் வாய் வரவில்லை.

“பின்னாடி,” என்றேன்.

“அறுக்க வுட்டானுவன்னா, பயிரு இவங்களுதுன்னு ஒத்துக்கிட்டானுவன்னுதானே அர்த்தம்?”

நான் தலையை ஆட்டினேன். அவள் தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அறுப்பன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அக்கறை என்று சொல்ல மாட்டேன். பொய் சொன்னவனுக்கு இருக்கும் அரிப்பு. வாய்க்கால் மேட்டில் தள்ளியே நின்றேன். களத்தில் நெல் குவிந்திருந்தது. அறுத்த பெண்கள் கூலிக்கு உட்கார்ந்திருந்தார்கள். காரியஸ்தர் மரக்காலில் அள்ளி, முதல் கூலியை, கைநாட்டு வைக்காத அஞ்சலைக்குத்தான் நீட்டினார்.

“முந்தானைய விரி அஞ்சலை.”

வாங்கினால் அவள் கூலியாள். களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

“எனக்கெதுக்குய்யா கூலி? ஒங்க வாரத்த அளந்துக்கிட்டுப் போங்க.”

“தம்பி பி.ஏ. படிக்கிறான்னு நீ சட்டம் பேசுறியா?”

“அவன் எங்க பாஸாவுறது. அவன் கத்திக் கத்திப் படிச்சு நாந்தான் பாஸாயிட்டேன்.”

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் தன் வீட்டு மரக்காலை எடுத்துக் குவியலில் இறக்கி, முதல் பெண்ணின் முந்தானையில் கொட்டினாள். அடுத்தவளுக்கு. அதற்கடுத்தவளுக்கு. கூலி கொடுக்கிறவள் கூலியாளாக முடியாது. காரியஸ்தர் நீட்டிய மரக்காலோடு நின்றார். வண்டி மாடுகள் பூட்டியபடி காத்திருந்தன. மிராசுதாரர் பங்கான வாரத்தை அளந்து எடுத்தால் அவளைக் குத்தகைக்காரி என்று ஒத்துக்கொண்டதாகும். எடுக்காவிட்டால் வெறும் வண்டியோடு போய் மிராசுதாரர் முன்னால் நிற்க வேண்டும். அளந்தார்.

தாலுகா ஆபீஸ் விசாரணையில் அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, எங்களுக்குக் கூலி அளந்தது அஞ்சலை என்றார்கள். அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது. வீரையன் அந்த முறையும் தவறினான்.

பல வருஷம் கழித்து ஒரு தடித்த புத்தகத்தில் பார்த்தேன். அங்கேயும் பல இடங்களில், நட்ட பயிரை அறுத்துக்கொள்ள விட்டுத்தான் நிலத்தைத் திருப்பிக்கொடுத்திருக்கிறார்கள். ஊகம் தப்பவில்லை. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அது ஊகம்தான் என்று அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தபோது அவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

மிராசுதாரர் வீட்டில் இப்போது யாரும் இல்லை. காரியஸ்தர் என்ற வேலையே இல்லை. அறுப்பு இயந்திரம் வயலுக்குள் இறங்கி, அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை நேராக டிராக்டரில் கொட்டிவிடுகிறது. நெல் தரையைத் தொடுவதில்லை. யார் கை அளக்கிறது, யார் முந்தானை விரிகிறது என்று ஊரே நின்று பார்க்க ஒரு களம் இருந்தது. அதில் தண்ணீர்த்தொட்டி கட்டியிருக்கிறார்கள்.