குட்டன் கதிரை

வெயிலில் கிடந்த மரக்கதிரையில் இருந்துவிட்டு எழும்பினால் தொடை வார்னிஷோடு ஒட்டிப் பிரியும். அந்த எரிவும், வார்னிஷில் ஊறிப்போன தேத்தண்ணி வாசமும்தான் ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வீட்டில் விசேசம் என்பதற்கு அடையாளம். "குட்டன் கதிரை" வந்து இறங்கிவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கையால் பிடிக்க முடியாது. என் வகுப்புச் சரோசா தன் அக்காவின் கலியாணத்துக்கு அவை வந்ததை ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு அவளைக் கண்டாலே வயிறு எரியும்.

குட்டன் மலையாள தேசத்திலிருந்து வந்து கண்டி வீதியோரம் தேத்தண்ணிக் கடை போட்டவர். பெண்சாதி பிள்ளை இல்லை. ஊருக்குப் போவதில்லையா என்று யாராவது கேட்டால், "இதும் ஊர்தானே" என்று சொல்லிக்கொண்டு தேத்தண்ணியை நீட்டுவாராம். சாகும்போது கடையைத் தன்னிடம் வேலை செய்த செல்லத்துரைக்கு எழுதிவைத்தவர், ஆசையாக வாங்கிச் சேர்த்த மடக்குக் கதிரைகளை மட்டும் ஊருக்கென்று விட்டுப்போனார். யார் கேட்டாலும் காசு வாங்காமல் கொடுக்கவேண்டும். கலியாண வீடும் செத்த வீடும் ஒன்றாக வந்தால் செத்த வீட்டுக்குத்தான் முதலில் கொடுக்கவேண்டும். அவர் சொன்னது அவ்வளவுதான்.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காட்டை வெட்டி வயலாக்கியவர். பெரியக்காவுக்குப் பளையில் மாப்பிள்ளை பொருந்தியது. மாப்பிள்ளையின் தகப்பனார் தலைமை வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று அவருக்குக் கொடுக்க வீட்டில் ஒரு கதிரை இல்லாமல், நெல் மூட்டையின் மேல் சீலை விரித்து இருத்தினோம். "கலியாணத்துக்கு எங்கட ஆக்களை எங்கை இருத்தப்போறியள்?" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பு அப்பாவை நித்திரைகொள்ள விடவில்லை. விடிந்ததும் போய்ச் செல்லத்துரையிடம் கதிரைக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தார்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலையில் கதிரைகள் வண்டியில் வந்தன. நான் ஒவ்வொன்றிலும் ஏறி இருந்து பார்த்தேன். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த சரோசாவை உள்ளே கூப்பிடவில்லை. ஒரு வருசத்து எரிச்சல் அன்றைக்குத்தான் கொஞ்சம் ஆறியது.

மத்தியானம் செய்தி வந்தது. வரம்பில் நடந்துபோன சரோசாவின் தகப்பனைப் பாம்பு கடித்துவிட்டது. வைத்தியரிடம் கொண்டுபோகுமுன் ஆள் முடிந்துவிட்டார். பின்னாலேயே வண்டியோடு செல்லத்துரை வந்து முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அரைவாசியையாவது விட்டிட்டுப் போகேலாதோ?" என்று அம்மா கேட்டா.

"குட்டன் அண்ணை அப்பிடிச் சொல்லேல்லை அக்கா. ஒண்டையும் மிச்சம் பிடிக்கேலாது."

செத்த வீட்டுக்குப் போன கதிரை எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியுமுன் திரும்பாது. திரும்பினாலும் சாவுத் துடக்குக் கழியாமல் கலியாண வீட்டுப் படலை தாண்டாது. அது எல்லாருக்கும் தெரியும். அப்பாவே கதிரைகளை மடக்கி வண்டியில் ஏற்றினார். எனக்கு அழுகை வந்தது. சரோசாவின் தகப்பனுக்காக அல்ல. இரண்டாம் தரமும் கதிரை அவளுக்கே போகிறதே என்றுதான்.

மறுநாள் பளை ஆட்களுக்குப் பாய்தான். தலைமை வாத்தியார் படலையில் நின்று பந்தலைச் சுற்றிப் பார்த்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவர் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பாயில் இருந்தார்.

"எங்கட பளையிலை இப்பிடியொரு மனிசன் இல்லை" என்றார்.

மானம் தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு பந்தலில் வேறு கதையே இல்லை. குட்டன் எப்போது வந்தார், எப்படிச் செத்தார், எவ்வளவு பெரிய மனம் என்று பந்தி முடியும்வரை அதே கதைதான். அப்பாவின் வயல் நெல், அப்பா கட்டிய பந்தல், அப்பாவின் மகள். ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லவில்லை. அவர் சோற்றுக் கடகத்தோடு குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டு, "ஓம், ஓம், அவர் அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டு போனார். சரோசா மேலிருந்த எரிச்சலை அன்றோடு விட்டுவிட்டேன். செத்துப்போன அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரர் மேல் வந்த பொறாமை இன்னும் போகவில்லை.

சண்டையில் ஊரே இடம்பெயர்ந்த காலத்தில் அந்தக் கதிரைகள் எந்த அடுப்பில் எரிந்தனவோ தெரியாது. தேத்தண்ணிக் கடை நின்ற இடமும் அடையாளம் தெரியவில்லை. அப்பா வெட்டிய வயலை இப்போது வாங்கியவரின் பெயரால் சொல்கிறார்கள். அண்மையில் பெரியக்காவின் பேரனுக்குக் கிளிநொச்சியில் கலியாணம். லொறியில் வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தவர், "குட்டன் கதிரையளை இஞ்சாலை அடுக்குங்கோ" என்று கத்தினார். குட்டன் யார் என்று கேட்டேன்.

"தெரியாதம்மா. வாடகைக் கதிரைக்கு இஞ்சை உப்பிடித்தான் சொல்லுறது."

நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். இந்தப் பக்கத்துக் காட்டை வெட்டி வயலாக்கியவர் என்றும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார்.

"இல்லையம்மா, கேள்விப்படேல்லை" என்று சொல்லிவிட்டு, நான் இருப்பதற்கு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்.