கரண்டி எங் கையிலதான் இருந்துச்சு

எங்க வீட்டு மாடியில மூணு பொம்பளப் புள்ளைக வாடகைக்கு இருந்துச்சுக. ஆப்பிரிக்காவுலேர்ந்து புதுக்கோட்டைக்கு நர்சு படிக்க வந்ததுக. அதுக பேசுறது சுவாகிலியாம். பேரச் சொல்லிக் குடுத்துச்சுக, ஒரு வாரம் மென்னு பாத்துட்டு விட்டுட்டேன். மூத்தவ, நெட்டச்சி, சின்னவ, அம்புட்டுத்தான் நான் கூப்புடுறது. அதுக என்னைய பிபின்னு கூப்புடும். அவுக ஊருல அப்பத்தாவ அப்புடித்தான் கூப்புடுவாகளாம். "எனக்கு ஏற்கனவே பிபி இருக்குடி, மாத்திர போடுறேன்"ன்னேன். மூத்தவ மட்டும் சிரிச்சா. அவளுக்குத்தான் கொஞ்சம் தமிழு வரும்.

எதுத்த வீட்டுக்காரி கேட்டா, "ஏன்க்கா, மாடிக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

"கெடச்சாகடி. எல்லாம் ஒன்னய மாதிரியே இருந்தாக. அதான் இதுகளுக்குக் குடுத்தேன்."

சின்னவளுக்கு இங்கிலீசு வரல. காலேசுல எல்லாமே இங்கிலீசு. வாயால பேசிக் காட்டுற பரீட்ச ஒண்ணு இருந்துச்சு, அதுல ஒருக்கா தோத்துட்டா. இன்னொருக்கா தோத்தா அவ படிப்புக்குப் பணங் கட்டுறவுக நிறுத்திருவாகளாம், ஊருக்குத் திரும்பிற வேண்டியதுதான். அங்க அவ ஆத்தா ரோட்டோரத்துல மீனு பொரிச்சு விக்கிறவ. எம் மக நர்சு, எம் மக நர்சுன்னு தெருப் பூரா சொல்லி வச்சிருக்காளாம். இத மூத்தவதான் எனக்குச் சொன்னா. அதுனால எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல முடியாது.

சின்னவளுக்காகத்தான் அந்தச் சாயங்காலப் படிப்பே ஆரம்பிச்சுச்சு. கீழ வந்து எங்க போர்டிகோவுல மூணு பிளாஸ்டிக் சேரப் போட்டு ஒக்காருங்க. ஒருத்தி புஸ்தகத்தப் பாத்து ஒரு வரி சொல்ல, மத்தவ அதையே நேத்து நடந்தாப்புல மாத்திச் சொல்லணும், அடுத்தவ நாளைக்கி நடக்கப் போறாப்புல சொல்லணும். பொழுது சாஞ்சதுலேர்ந்து சோறு வேகுற வரைக்கும் இங்கிலீசத் தவுர ஒண்ணும் பேசக் கூடாது. வாய் தவறி எவ சுவாகிலி பேசுறாளோ, அவதான் அன்னக்கி எல்லா ஏனத்தையும் வெளக்கணும். மக்காச்சோள மாவுல வெள்ளக் களி கிண்டுங்க, அடி புடிச்ச அந்தப் பானையும் சேத்து.

தப்ப யாரு கண்டுபுடிச்சுச் சொல்றதுன்னு மொத நாளே சண்ட வந்துருச்சு. கடைசியில என் கையில எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் குடுத்துச்சுக. எவ தப்புப் பண்ணாலும் நான் தட்டணும். எனக்கு ரெண்டு பாசையும் தெரியாது. ரெண்டும் தெரியாத கெழவி ஓரவஞ்சன பண்ண மாட்டான்னு நெனச்சிருச்சுக.

கண்டுபுடிக்கிறது ஒண்ணும் பெரிய வேல இல்ல. நான் காதால கேக்குறதே இல்ல, தோளப் பாப்பேன். இங்கிலீசு பேசயில தோளு ரெண்டும் காதுக்கிட்ட ஏறிக்கிரும், மூஞ்சி மாத்திர முழுங்குனாப்புல இருக்கும். அவுக பாசைக்கு வந்துட்டா தோளு எறங்கிரும், கையி ஆட ஆரம்பிச்சிரும். டங்குன்னு ஒண்ணு போடுவேன். நெட்டச்சி தலையில அடிச்சுக்குவா.

சின்னவளுக்கு சோப்புத் தூளு ஒத்துக்கல. மூணு நா ஏனம் வெளக்குனதுல வெரலிடுக்கு எல்லாம் வெடிச்சுப் போச்சு. தேங்காண்ணையத் தடவிக்கிட்டு ஒக்காந்திருந்தா. எனக்கு மனசு கேக்கல.

நாலாம் நா அவ இங்கிலீசுல ரெண்டு வரி தட்டுத் தடுமாறிச் சொல்லிட்டு, பட்டுன்னு அவ பாசைக்குப் போயிட்டா. தோளு எறங்கிருச்சு. கட்டுமாவடிக் கடல் மீனு எங்க தெருவுல விக்க வந்த அன்னக்கி அது. ஒரு கையில சட்டி, ஒரு கையில மீனு இருக்குறாப்புல இப்புடிப் பெரட்டுறா, அப்புடிப் பெரட்டுறா, மூஞ்சி லைட்டு போட்டாப்புல இருக்கு. அவ ஆத்தா கதைதான்னு பாசை தெரியாமலே தெரிஞ்சுச்சு. நான் மேல பாத்துக் கொசு அடிச்சேன்.

"பிபி! தட்டுங்க!"ன்னா மூத்தவ.

"காது கேக்கலடி."

"கண்ணு?"

"அதுவுந்தான்."

அதுக்குப் பொறகு அதுவே பழக்கமாப் போச்சு. நெட்டச்சி இருமுனாக்கூடத் தட்டுவேன், சின்னவ மணிக்கணக்காப் பேசுனாலும் தட்ட மாட்டேன். அவ ஓரக்கண்ணால என்னையப் பாத்துச் சிரிப்பா. மக்யா நாளு விடிஞ்சதும் எண்ணச் சப்பாத்தி ஒண்ணு எனக்கு வந்துரும். லஞ்சந்தான். நான் பெரிய கலெக்டரு மாதிரி வாங்கித் தின்னேன்.

ஏனம் வெளக்குன ரெண்டு பேருக்கும் இங்கிலீசு வந்துருச்சு. வெளக்காதவளுக்கு வரல. அதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பரீட்ச கிட்ட வர வர அவ இங்கிலீசுல ஒரு வார்த்த பேசவும் மெரண்டா, அவ பாசையில அதிகமாப் பேசுனா. நான் தட்டல.

பரீட்சைக்குப் போறப்ப துன்னூறு பூசி விட்டேன். மத்தியானமே டவுன் பஸ்ஸுல தனியாத் திரும்பி வந்து மாடிப்படியில ஒக்காந்துட்டா. "என்ன ஆத்தா ஆச்சு?"ன்னு கேட்டேன். "இல்ல பிபி"ன்னா. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்ச தமிழு.

சாயங்காலம் மூத்தவ வந்துதான் வெவரஞ் சொன்னா. கஷ்டமா ஒண்ணுங் கேக்கலையாம். ஒங்க வீட்டப் பத்தி, அம்மாவப் பத்தி அஞ்சு நிமிசம் பேசுன்னாகளாம். இவ வாயத் தொறந்து தொறந்து மூடிருக்கா.

தெனமும் எம் முன்னாடி ஒக்காந்து அதத்தானே பேசுனா.

மூத்தவ என்னையத் திட்டல. செவுத்துல சாச்சு வச்சிருந்த தட்டப் பாத்துக்கிட்டே, "தட்டிருக்கலாம் பிபி"ன்னா.

"அவகிட்டச் சொல்லுடி, எந் தப்புன்னு."

"அவளுக்குத் தெரியும். அவளும் சேந்துதான வெளாண்டா."

அவ ஊருக்குக் கெளம்புற அன்னக்கி வாசல்ல ஆட்டோ நிக்கிது. பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. சின்னவ என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அவ பாசையில பேசுறா, பேசுறா, நிறுத்தவே இல்ல. தமிழுல சொன்னா அவளுக்குப் புரியாது. எனக்கோ வேற பாசை இல்ல. கைய உருவிக்கிட்டுப் போயி கரண்டிய எடுத்து டங்குன்னு ஒரு தட்டுத் தட்டுனேன்.

நெட்டச்சி மூஞ்சியப் பொத்திக்கிட்டா. சின்னவ ஒரு நிமிசம் முழிச்சா. பொறகு சிரிச்சா, ஒரு வாரமாச் சிரிக்காதவ. நேராப் பின்னாடி குழாயடிக்குப் போயி, ஊருக்குப் போகன்னு உடுத்திருந்த புதுப் பாவாடைய இடுப்புல சொருகிக்கிட்டு, அடி புடிச்ச களிப் பானைய எடுத்து வச்சுத் தேய்க்க ஆரம்பிச்சுட்டா. ஆட்டோக்காரரு ஆரன் அடிக்கிறாரு. "இருங்க தம்பி"ன்னேன். பளபளன்னு வெளக்கிக் கவுத்திட்டு, எரியிற வெரல ஊதிக்கிட்டே வந்தா.

அவ வெரலுக்கு எண்ண எடுத்துட்டு வரலாம்னு உள்ள போனேன். நான் வாரதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஆட்டோவ எடுத்துட்டாரு. எண்ணக் கிண்ணத்தோட வாசல்ல நின்னேன். எதுத்த வீட்டுக்காரி, "என்னக்கா, காக்காய்க்கா?"ன்னா. "ஆமாடி, வாயத் தொற"ன்னேன்.

அன்னக்கிப் பொழுது சாயவும் ரெண்டு புள்ளைகளும் பழக்கத்துல வந்து ஒக்காந்துச்சுக. மூணாவது சேரும் அங்கிட்டே கெடந்துச்சு. நான் கரண்டிய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அதுக ரெண்டும் இங்கிலீசும் பேசல, சுவாகிலியும் பேசல. தட்டுறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு.