ஃபாஸ்ட் லேர்னரும் மலை பஸ்ஸும்

இன்று மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஊருக்குப் பஸ் ஏறினால், ஜன்னலோரம் என் பள்ளித் தோழி பூங்கொடி. கையில் போன், முகத்தில் கடுப்பு.

"ஏம்புள்ள, நம்ம பழைய கேம் புதுசா வந்திருக்குது. அந்த ஃபாஸ்ட் லேர்னர் ஸ்கில்லத் தூக்கிப்புட்டாங்க. அது இருந்தா ஆட்டம் எல்லாருக்கும் சமமா இல்லியாம்."

எனக்கும் சுருக்கென்றது.

சேந்தமங்கலத்தில் படித்தபோது, பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவோம். டவுன் பிள்ளைகள் இருட்டும்வரை ஆடுவார்கள். மலைமேல் வீடு இருந்த எங்களுக்கு, ஒரே மலை பஸ் வரும்வரைதான் ஆட்டம். அதனால் கிடைக்கிற புள்ளிகளை எல்லாம் அந்த ஸ்கில்லிலேயே கொட்டுவோம். ஒவ்வொரு சண்டைக்கும் எக்ஸ்பீரியன்ஸ் இரண்டு மடங்கு ஏறும்; லெவலும் சீக்கிரம் கூடும். ஆனால் வாளுக்குப் புள்ளி மிஞ்சாது. முதல் ஓநாயே எங்களைக் கடித்துக் குதறும். டவுன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

முழுப்பரீட்சை வருவதற்குள் அவர்களை எட்டிப் பிடித்துவிடுவோம் என்பது வேறு விஷயம்.

கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போனது. போனைப் பையில் போட்டுக்கொண்டே பூங்கொடி சொன்னாள்: "சமமா ஆக்கோணும்னா, மொதல்ல இன்னொரு பஸ்ஸு உடச் சொல்லு."

நீங்கள் எல்லாம் முதல் புள்ளியை எதில் போட்டீர்கள்? வாளில் என்பவர்கள், அப்போது வீடு எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.