அவர் தொடாத கோப்பி

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். எழுத உட்கார்ந்தால் வெட்கம் முந்திக்கொள்ளும்.

அப்போது இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, வெஸ்ட்லி என்ற புறநகரில் குடியிருந்து பகுதிநேர வேலை தேடிக்கொண்டிருந்தேன். கோயிலில் அறிமுகமான ஒருவர், எண்ணெய்க் குழாய் பதிக்கும் கொம்பனிக்காகக் காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்து, காணி வழியே குழாய் பதிக்க உரிமையாளரிடம் சம்மதம் வாங்கும் வேலை செய்தார். என்னைவிட இளையவர். மெலிந்த உடம்பு, கம்பளித் தொப்பிக்குக் கீழே திருநீறு. வேலை பழக என்னையும் கூட்டிப்போனார்.

லில்லெஸ்ட்ரோம் நகருக்கு அப்பால், வயல் நடுவே தனியாக வாழ்ந்த ஒரு வயதான அம்மா எங்களுக்குக் கோப்பியும் கேக்கும் வைத்தார். என்னைக் கூட்டிவந்தவர் தொடவேயில்லை. தந்ததை மறுப்பது பாவம் என்று வளர்ந்தவன் நான், இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "என்ன தம்பி, விரதமோ?"

"இல்லை அண்ணை. அவ இன்னும் சம்மதிக்கேல்லை. அவவின்ரை கையாலை சாப்பிட்டிட்டுக் கேட்டா, வேண்டாம் எண்டு சொல்ல அவவுக்கு வாய் வராது. நான் எந்த வீட்டிலையும் கை நனைக்கிறதில்லை."

அடுத்த முறை அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்த்து, "வயலைத் தோண்டவிட எனக்கு மனமில்லை. ஆனால் நீங்கள் நல்ல மனிதர், என் கேக்கை விரும்பிச் சாப்பிட்டீர்களே" என்றார். நான் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தேன். அந்தக் கையெழுத்துக்காகக் கொம்பனி எனக்கு வேலை தந்தது.

அந்தத் தம்பி ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. "வேலை கிடைச்சிட்டுதுதானே அண்ணை" என்று கை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்க எனக்குக் கூசியது.

அவரை முருகன் நன்றாக வைத்திருக்க வேண்டும். இதை மற்றவர்களுக்குச் சொல்பவர்கள், என்மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள்.